தங்கப் புத்தகத்தில் புர்கியின் குற்றம்

வெண்டலின் தன் முதலாளி லாம்பெர்ட்டுக்குத் தரவேண்டியது முந்நூற்று நாற்பது ஷில்லிங். அவன் மேய்க்கும்போது பள்ளத்தில் விழுந்து செத்த பசுவின் விலை அது. "இந்த வருஷம் என் வீட்டுக்குக் கிராம்பஸ் வேஷம் கட்டி வாடா, கணக்கை அழிச்சிடுறேன்" என்று லாம்பெர்ட் சொன்னதால், டிசம்பர் ஐந்தாம் தேதி சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில், தப்பு செய்த பிள்ளைகளை விளாரால் அடிக்கும் அந்தப் பூதமாக, ஆட்டுத்தோலும் கொம்பு வைத்த மரமுகமூடியும் கையில் விளாருமாக வெண்டலின் நிற்கிறான். முகமூடிக்குள் அவன் மூச்சே அவனைச் சுடுகிறது. இடுப்பில் தொங்குவது அந்தப் பசுவின் மணிதான். முன்னால் பஞ்சுத்தாடியோடு பரிசு தரும் புனித நிக்கோலாஸ், அதாவது பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளின் குற்றங்களை வாசிக்க அவர் வைத்திருக்கும் தங்கத்தாள் ஒட்டிய புத்தகத்துக்குள் லாம்பெர்ட் வாசலில் செருகிவிட்ட சீட்டு இருக்கிறது. லாம்பெர்ட்டின் மகள், ஆறு வயசு புர்கி, ஜெபத்தைத் தப்பில்லாமல் சொல்லிவிட்டு, நிக்கோலாஸின் பரிசுச் சாக்கிலிருக்கும் ஆப்பிளையே பார்க்கிறாள். வாத்தியார் வாசிக்க வாசிக்கக் குரல் இறங்குகிறது. "புர்கி... தொழுவத்துல வேலைக்காரன் வெண்டலினை... அப்பான்னு கூப்பிடுறா."

"சத்தமா வாசிங்க சாமி, சொர்க்கத்துல தொண்டை கட்டிக்கிச்சா?" என்று லாம்பெர்ட் சிரிக்கிறான். "ம், கிராம்பஸ்! உன் வேலையைப் பாரு." முதல் அடி பாவாடையில்தான் விழுகிறது. "தூசியா தட்டுறே?" என்கிறான் லாம்பெர்ட். இரண்டாவது அடியில் விளார் கெண்டைக்காலில் சிவப்பாகக் கோடு போடுகிறது. புர்கி தொழுவத்துப் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்துகிறாள்: "அப்பா, ஓடி வா! கிராம்பஸ் அடிக்குது!" கிராம்பஸ் வாய் திறக்கக்கூடாது, அது வழக்கம். இடுப்பு மணி மட்டும் நிற்காமல் ஆடுகிறது. லாம்பெர்ட் நிதானமாக எழுந்து, கதவில் சாக்கட்டியால் எழுதியிருந்த முந்நூற்று நாற்பதை ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைக்கிறான்.