திட்டி வளர்த்த மிளகாய்

"பூமியில முதல் செடி முளைச்ச நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும், திட்டு வாங்கிக் காரம் ஏறின செடின்னு ஒண்ணு கிடையாது. செடிக்குக் காதே இல்ல. இருபத்திரண்டு வருஷமா தாவரவியல் நடத்தறவன் சொல்றேன், எழுதி வெச்சுக்கோ."

எழுதி வைத்துக்கொள்ள வாத்தியாரின் மனைவிக்கு நேரமில்லை. மூன்றாவது மாடிப் பால்கனியில், பழைய பெயின்ட் டப்பாக்களில் வளர்ந்த ஐந்து மிளகாய்ச் செடிகளுக்குக் காலை டோஸ் விட்டுக்கொண்டிருந்தாள்.

"வேளாவேளைக்குத் தின்னத் தெரியுதுல்ல? உன் வயசுல இருக்கறதெல்லாம் காய்ச்சுத் தொங்குது. ஆள்தான் வளர்ந்திருக்க, துளி பிரயோஜனம் இல்ல. வெக்கமா இல்லையா உனக்கு?"

கொஞ்சினால் மிளகாய் சப்பென்று போய்விடும், திட்டினால்தான் காரம் ஏறும் என்று அவளுடைய அக்கா போனில் சொல்லியிருந்தாள். தையல் மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. ஆறரைக்கு ஆரம்பித்தால் ஆறே முக்கால் வரை போகும்.

"கொஞ்சம் மெதுவாத் திட்டேன். கேக்கறவங்க என்னைத்தான் திட்டறேன்னு நினைச்சுக்கப் போறாங்க."

"உங்களைத் திட்டணும்னா உள்ள வந்து திட்ட மாட்டேனா? இவ்வளவு பேசறீங்களே, ரெண்டாவது மாடிக்காரர் தினமும் உங்க பைக்கை மறிச்சு ஸ்கூட்டரை நிறுத்தறாரே, அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசறதுதானே?"

"முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது? பார்க்கறப்பல்லாம் சிரிக்கிறார்."

அந்தச் சிரிப்புக்காக வாத்தியார் மூன்று வருடமாக ஸ்கூட்டரைத் தூக்கித் தள்ளி வைத்துவிட்டு, பேன்ட்டில் கிரீஸோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்.

செடி விஷயத்தில் மட்டும் அவருக்கு வீரம் குறையவில்லை. பால்கனி நாலடிக்கு மூன்றடி. ஒன்று செடிகள் இருக்கவேண்டும், அல்லது அவருடைய சாய்வு நாற்காலி வரவேண்டும். கடைசியில் பந்தயமானது. முதலில் பழுக்கும் மிளகாயை வாத்தியார் பச்சையாகத் தின்பார். தண்ணீர்ச் சொம்பைத் தொட்டால் செடிகள் இருக்கும். தொடாவிட்டால் ஐந்து டப்பாவும் அக்கா வீட்டுக்கு வண்டி ஏறும்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து தையல் கோணலாக ஓடியது. பகல் முழுக்கச் சுவரைப் பார்த்து மெஷின் மிதிப்பவளுக்கு, தலை நிமிர்ந்தால் கண்ணில் படும் பச்சை அது ஒன்றுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் முதல் மிளகாய் சிவந்தது. வாத்தியார் அதைக் காம்போடு வாயில் போட்டு வெள்ளரிக்காய் மாதிரி மென்றார். சொம்பு வைத்த இடத்தில் இருந்தது.

"காரம்?" என்றாள்.

"பாவம், முயற்சி பண்ணியிருக்கு."

"மூணு மாசமாத் தொண்டை கிழியக் கத்தியிருக்கேங்க."

"தண்ணி எவ்வளவு ஊத்தின?"

"திட்டி முடிச்சதும் மனசு கேக்காது. ஆளுக்கு ஒரு சொம்பு கூடுதலா ஊத்துவேன்."

"அதான் விஷயம். தண்ணி ஜாஸ்தியானா காரம் இறங்கிடும். நீ திட்டினது எங்கயும் போய்ச் சேரல, தண்ணி மட்டும் வேருக்குப் போயிருக்கு."

வாத்தியார் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் திரும்பினார். அவள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோன நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் இரண்டாவது மாடிக்காரரின் மனைவி, கையில் பெரிய பிஸ்கெட் டப்பாவோடு.

"அக்கா, உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். எங்க தம்பிக்கு வேலை கிடைச்சிருச்சு."

"எந்தத் தம்பிக்கு?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க பாருங்க. படிப்பு முடிச்சு மூணு வருஷமா எங்க பால்கனியிலதானே பாயைப் போட்டுக் கிடந்தான். நானும் எங்க வீட்டுக்காரரும் சொன்னது எதுவும் அவன் மண்டையில ஏறல. நீங்க தினமும் மேலேர்ந்து போட்டீங்களே, 'உன் வயசுல இருக்கறதெல்லாம் காய்ச்சுத் தொங்குது, வெக்கமா இல்லையா'ன்னு. மொதல்ல தலையணையை எடுத்துக் காதுல அழுத்திக்கிட்டான். அப்புறம் ஒரு நாள் எழுந்து ஷேவ் பண்ணினான். நேத்து வேலையில சேர்ந்துட்டான். கூடப் பிறந்தவ நான், நான்கூட இவ்வளவு அக்கறையாத் திட்டினதில்லக்கா."

வாத்தியார் மனைவி தன் கணவரைப் பார்த்தாள். பிறகு பிஸ்கெட் டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"ஏதோ நம்மால ஆனது" என்றாள்.

"இப்பவே நிறுத்திடாதீங்க. லீவு நாள்ல பழையபடி படுத்துக்கப் பார்ப்பான்."

அவள் கதவைச் சாத்தினாள்.

"செடிக்குக் காது கிடையாது. இப்பவும் சொல்றேன்" என்றார் வாத்தியார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

வாத்தியார் கையிலிருந்த டேப் 'சர்'ரென்று சுருண்டு உள்ளே போனது.

திங்கட்கிழமை காலை ஆறரை மணி. எழுந்து வந்தவள் பால்கனியில் பேச்சுக்குரல் கேட்டு அப்படியே நின்றாள். ஐந்து டப்பாவும் இருந்த இடத்திலேயே இருந்தன. வாத்தியார் கம்பியில் சாய்ந்து, முன்வரிசைச் செடியைப் பார்த்து, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உன்னைத்தான். நிக்கறதுக்கு உனக்கு வேற இடமே கிடைக்கலையா? இப்படி மறிச்சுக்கிட்டு நின்னா, பின்னாடி இருக்கறவன் எப்படி வெளிய வருவான்னு ஒரு நாளாவது யோசிச்சியா? சிரிச்சா ஆச்சா?"

கீழே யாரோ அவசரமாக ஸ்கூட்டர் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது.