கால் வைக்க ஓர் இடம்

வேதமான தோராவில் வாராவாரம் வாசிக்கும் பகுதியிலிருந்து வாழ்க்கைக்குப் பாடம் எடுப்பது யூத குலத்தின் தீராத நோய் என்றும், அதிலிருந்து முழுக்கக் குணமான முதல் மனிதன் தானே என்றும் கல்லூரி மாணவன் யோதாம் சாப்பாட்டு மேசையில் அறிவிக்கிறான். ஜெருசலேமில் சனிக்கிழமை மாலை. ஓய்வுநாள் முடியும்வரை விளக்கைத் தொடக் கூடாது. ஜன்னலில் மிச்சமிருக்கிற வெளிச்சத்தில்தான் ரொட்டியும் ஊறுகாய் மீனும் தெரிகின்றன. "நோவாவோட பேழையில இருந்து வாஷிங் மெஷினுக்கே பாடம் எடுப்பாரே அப்பா!" என்றவன் தொண்டையைச் செருமி, "இதுல இருந்து நமக்கு என்ன தெரியுது?" என்று அவரைப் போலவே இழுக்கிறான். "குணமான மூஞ்சியப் பாரு. வாய மூடிட்டுத் தின்னுடா" என்கிறாள் அக்கா திர்சா. சிரிப்பு வந்த வேகத்தில் நின்றுபோகிறது. இந்த வாரம் வாசித்ததும் நோவாதான்; அப்பா இறந்து நாற்பது நாள். காலி நாற்காலிக்கு அடியில், வீங்கிய பாதங்களுக்காக ஓரம் கத்தரித்த அவருடைய செருப்புகள் கிடக்கின்றன. உணவு முடிந்து ஜெபிக்குமுன் யாராவது பகுதியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்; இத்தனை வருஷமும் சொன்னவர் அவர். அம்மா யாரையும் கேட்கவில்லை. ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒரே இடத்தில் கூட்டியபடி, "சரி, ஜெபத்தச் சொல்லிடலாம்" என்கிறாள். "இரும்மா." யோதாம் செருப்பைப் பார்த்தபடியே பேசுகிறான். "வெள்ளம் வடிஞ்சிருச்சான்னு பாக்க நோவா பேழையில இருந்து அனுப்பின புறா, கால் வைக்க இடமில்லாமத்தான் முதல் தடவ திரும்பி வந்துச்சு. கடைசித் தடவ வரவேயில்ல." அம்மாவின் விரல் நிற்கிறது. அவன் தொண்டையைச் செருமுகிறான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "இதுல இருந்து நமக்கு என்ன தெரியுதுன்னா... அதுக்குக் கால் வைக்க இடம் கிடைச்சிருச்சும்மா."