மாரிக்கனி வீடு

அய்யாத்துரை வீட்டைக் காப்பதுதான் தன் வேலை என்பதில் செவலை நாய்க்கு ஏழு வருஷமாகச் சந்தேகமே வந்ததில்லை. ஒருநாள் வாசலில் வேன் வந்து நின்றது. இறங்கியவர், "மாரிக்கனி வீடு இதுதானே?" என்று கேட்டார். அப்படி யாரும் இங்கே கிடையாதே என்று செவலை அவரைத் தெருமுனை வரைக்கும் விரட்டிவிட்டு வந்தது.

வாசலில் அடுக்கியிருந்த ஓலைப்பெட்டிகளில் ஒன்று சிரித்தது. "கூறுகெட்ட நாயே, அவர் எங்களை வாங்க வந்தவர். மாரிக்கனியைத்தான் தேடுறார்."

"அது யாரு?"

"உனக்குக் கஞ்சி ஊத்துறவதான். பெட்டி முடையுற பெண்கள் சங்கத்துல, முடைஞ்சவ பேரைச் சீட்டுல எழுதிக் கட்டிவிடுவாங்க. என் காதுல தொங்குது பாரு."

"அவ பேரு 'ஏ புள்ள' இல்லையா? வீட்டுல அய்யாத்துரை அப்படித்தானே கூப்பிடுறாரு?"



அதற்குள் அய்யாத்துரை வயலிலிருந்து வந்துவிட்டார். வேன்காரர் தூரத்திலேயே நின்றபடி, "நீங்க யாருங்க?" என்றார்.

"மாரிக்கனி வீட்டுக்காரன்."

சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் பார்த்து, "ஏ பு..." என்று ஆரம்பித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாரிக்கனி" என்று கூப்பிட்டார்.

குரைப்பதா வாலாட்டுவதா என்று புரியாமல் செவலை இரண்டையும் சேர்த்தே செய்தது.