துரைக்குப் பிடிக்காத மீன்

“ஒத்த டின்னு குடு சுடலை. என் மகளுக்காகக் கேக்கேன்.”

“துரை சாமான்ல ஒரு முள்ளுகூட வெளிய போவாது மயினி.”

தேவிகுளம் தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவின் குசினியில் சமையல்காரன் சுடலை. அங்கே வாசல் கூட்டுகிற குருவம்மாளுக்குக் கொழுந்தன் முறை. இருந்தும் மனுஷன் இரங்கவில்லை.

குருவம்மாளின் மகள் சின்னத்தாய் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். பச்சை உடம்புக்காரிக்குப் பால் சுரக்கக் கருவாடு வேண்டும். அடைமழையில் மலைப்பாதை சரிந்து, சந்தைக்குக் கருவாடே ஏறி வரவில்லை. பிள்ளையோ பசியில் வீறிடுகிறது. இங்கே குசினி அலமாரியில் சீமை மீன் டின் டின்னாக அடுக்கியிருக்கிறது.

‘எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டான்’ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வராந்தாவைக் கூட்டினாள்.

துரை பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஸ்காட்லாந்துக் கடற்கரையில் பிறந்தவர். தோட்டத்து ஆட்களோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாகவே வரும். குசினிப் பக்கம் மட்டும் எட்டிப் பார்த்ததில்லை. தட்டில் வருவதைச் சாப்பிடுவார்.

“சுடலை, நார்வேக்காரன் இந்த வருஷம் மலை மலையா மீன் பிடிக்கிறான். விலை விழுந்துபோச்சு. எங்க ஊர் படகு எல்லாம் கரையிலே கிடக்குது.”

காப்பி கொண்டுவந்த சுடலை தலையைச் சொறிந்தான்.

“நம்ம அலமாரியில இருக்கதும் நார்வே மீனுதான் துரை.”

துரையின் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

“என் வீட்டிலே நார்வே மீனா? எல்லாத்தையும் பள்ளத்திலே போடு. இப்பவே.”

சுடலை கூடையைக் கொண்டுவந்து குருவம்மாளிடம் நீட்டினான். “போட்டுட்டு வா மயினி.”

எந்தப் பள்ளத்தில் போடுவாள் அவள்? நேரே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினாள். அன்றைக்கு லயத்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்கெல்லாம் மீன் குழம்புதான். மறுநாளே சின்னத்தாய்க்குப் பால் சுரந்தது. பேரப்பிள்ளை வயிறு முட்டக் குடித்துவிட்டு அசந்து தூங்கினான்.

குருவம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் சுடலையைச் சும்மா விட மனசில்லை. குசினி வாசலில் போய் நின்றாள்.

“ஒண்ணு கேட்டேன், நீ குடுக்கல. மூஞ்சி தெரியாத நார்வேக்காரன் கூடை நிறையக் குடுத்தான், பாத்துக்க.”

சுடலை பாத்திரம் கழுவிக்கொண்டே சிரித்தான்.

“நான் எடுத்துக் குடுத்தா அது திருட்டு மயினி. துரை தூக்கிப் போடச் சொன்னா குப்பை. நார்வேக்காரன் மீனு இந்த மலைக்கு எப்ப ஏறிச்சு? அம்புட்டும் துரையோட சொந்த ஊரு மீனு.”