செப்பு

“செப்பு,” என்றேன்.

சுந்தரம்மா குனிந்தாள். இரண்டு செருப்பையும் கழற்றினாள். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

வாயைத் திறக்கவில்லை.

மூன்று மாதமாக இதேதான். தெலுங்கில் செப்பு என்றால் சொல். உன் பேரைச் சொல், அவ்வளவுதான் நான் கேட்டது.

சித்தூர் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் எட்டுப் பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். பேசாத பிள்ளை, யாரோடும் சேராத பிள்ளை, கடிக்கிற பிள்ளை. இவர்களை மற்றவர்களோடு பழக வைப்பதுதான் எங்கள் பாலர் வகுப்பின் வேலை. நடுவில் வந்து பேரைச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூப்பிட வேண்டும். அதுதான் விளையாட்டு, அதுதான் மருந்து. மெட்ராஸ் ராஜதானியிலேயே இப்படி இன்னொரு வகுப்பு இல்லை என்று எங்கள் சூப்பரின்டெண்ட் எர்னஸ்ட் ஐயா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

இன்று அவர் மூலையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். இன்றும் சுந்தரம்மா பேசாவிட்டால் மந்தபுத்தி என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவார். ஊர் என்றால் வடமாலபேட்டைப் பக்கம், அவள் அம்மா சாணி அள்ளுகிற பண்ணை வீட்டு மாட்டுக்கொட்டகை. அவளுடைய ஐந்து வயதுக்கு அங்கே வேலை தயாராக இருந்தது.

“டீச்சரம்மா, அதுக்கு வாய் இல்ல. நான் வேணா அது பேரச் சொல்றேன்,” என்றான் திருமலை. போன மாதம் வரை கடித்துக்கொண்டிருந்தவன்.

“உன் வாய மூடு,” என்றேன். அவள் பக்கம் திரும்பினேன். “செப்பு.”

அவள் கழுத்து இன்னும் இறங்கியது.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா கொடுத்த செருப்பு அது. மண்ணிலிருந்து காலுக்குள் புழு ஏறுகிறதென்று எல்லாருக்கும் ஒரு ஜோடி கொடுத்தார். இவள் ஒருத்திதான் பேசச் சொன்னால் அதைக் கழற்றுகிறாள். ‘கவனம் இல்லை. செருப்போடு விளையாடுகிறாள்’ என்று நோட்டில் நான்தான் எழுதினேன்.

எர்னஸ்ட் ஐயா பேனாவைத் திறந்தார். ம, ந் என்று எழுத ஆரம்பிப்பது தெரிந்தது.

அப்போதுதான் என் அப்பா, நைனா, வந்தார்.

பாலசமுத்திரத்திலிருந்து என்னைப் பார்க்க பஸ்ஸில் வந்திருந்தார். கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றார். கால் வெறுங்கால். செருப்பு இரண்டும் கக்கத்தில்.

சுந்தரம்மா அவரைப் பார்த்தாள். வட்டத்தை விட்டு நடந்தாள். நேரே போய் அவர் வேட்டியைப் பிடித்தாள்.

“தாத்தா, நீக்கூடா செப்பன்னாரா?”

மூன்று மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு.

உனக்கும் செருப்பு என்றார்களா என்று கேட்டாள்.

நைனாவுக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. “ஆமா கண்ணு,” என்றார். “எங்கூர் மேல்தெருவாண்ட நம்ம ஜனம் செருப்போட போனா அத்தத்தான் கத்துவாங்க. கழட்டி வெச்சிக்கினே பஸ் ஏறிட்டேன். இங்க போட்டுக்கலாமா கூடாதான்னு யாரக் கேக்கறது?”

தெலுங்கில் சொல் என்பதும் செப்பு. செருப்பும் செப்பு. எனக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

தெரியும். தோன்றவில்லை. நான் ஆறு வயதில் மிஷன் போர்டிங்குக்குப் போனவள். வெறுங்காலோடு போனவள். வெறுங்காலைப் பார்த்து யாரும் அப்படிக் கத்துவதில்லை. அதற்குப் பிறகு மெட்ராஸ், பி.ஏ. எங்கள் தெருவில் முதல் பி.ஏ.

அந்த பி.ஏ., மூன்று மாதமாக ஒரு குழந்தையை நடுவில் நிறுத்தி, செருப்பு, செருப்பு என்று அதட்டியிருக்கிறது. தன் காலில் செருப்போடு.

அவளும் ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாள்.

பக்கத்திலிருந்த பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

எர்னஸ்ட் ஐயா எழுந்துவிட்டார். அவ்வளவு தூரத்தில் வார்த்தை காதில் விழவில்லை, குரல் மட்டும் விழுந்திருக்கிறது. எழுதியதை இரண்டு கோடு போட்டு அடித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பேசிட்டாளே, பாத்தியாம்மா? எல்லாம் உன் உழைப்பு,” என்றபடி வெளியே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தைக்கு எதிரே போய் நின்றார்.

“செப்பு தல்லி,” என்றார். “இங்கோசாரி செப்பு.”

சொல் தாயே, இன்னொரு தரம் சொல் என்று எவ்வளவு அன்பாக முடியுமோ அவ்வளவு அன்பாகச் சொன்னார்.

சுந்தரம்மா குனிந்தாள்.

பக்கத்தில் நைனாவும் குனிந்தார்.

குனிந்த வேகத்தில் அவர் கக்கத்திலிருந்து ஒரு செருப்பு நழுவி மண்ணில் கவிழ்ந்தது. போன வருஷம் பொங்கலுக்குத் திருப்பதிக் கடைத்தெருவில் நான் வாங்கித் தந்தது. தினமும் போட்டுக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு கடுதாசியிலும் எழுதச் சொல்லி அனுப்புவார்.

அடித்தோலில் கடைக்காரன் போட்ட சுண்ணாம்புக் குறி அழியாமல் இருந்தது.