நூற்றுக்கு நூறு அசல்

“இந்தக் குமிழ் போலி!”

காருக்குள் தலையை விட்டிருந்த நடுவர் இப்படிக் கத்தியதும் மைதானமே திரும்பிப் பார்த்தது. காரின் சொந்தக்காரரான கணக்கு வாத்தியார் அவசரமாகக் கிட்டே ஓடினார்.

பழைய கார்கள் சங்கத்தின் நடுவர் அவர். எந்நேரமும் கையில் பூதக்கண்ணாடியோடு அலைவதால் ஆளின் பெயரே பூதக்கண்ணாடி ஆகிவிட்டது. முன்பெல்லாம் உதட்டைப் பிரிக்காமல் பேசுகிறவர், இந்த வருஷம் என்னவோ எதற்கெடுத்தாலும் ஈயென்று சிரித்தார். ஒவ்வொரு காரிலும் குறை கண்டுபிடிக்க வேண்டியது, உடனே ஒரு சிரிப்பு.

“எந்தக் குமிழ் சார்?” என்றார் வாத்தியார், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

“கியர் தலையில இருக்கே, அதுதான். யாருக்குக் காது குத்துறீங்க?”

அது இங்கிலாந்தில் செய்த கார். அந்த மாடலில் உலகத்தில் இன்னும் ஓடுகிறவற்றை எண்ணக் கைவிரல்களே அதிகம். கப்பலில் புதுசாக வரவழைத்தவர் ஒரு நீதிபதி. அவர் மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். மாப்பிள்ளை சீட்டாட்டத்தில் ஒரு பேக்கரிக்காரரிடம் தோற்றார். பேக்கரிக்காரர் பின்சீட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மாவு மூட்டை ஏற்றினார். கடைசியில் அது ஒரு கோழிப்பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெட்டைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தபோதுதான் வாத்தியார் முதன்முதலில் பார்த்தார். பார்த்ததும் மனதைப் பறிகொடுத்தார். காரிடம்தான்.

அப்புறம் வந்த கோடை விடுமுறைகளெல்லாம் கோழி எச்சம் சுரண்டுவதிலேயே போயின. கதவுக் கைப்பிடி ஓர் ஊரில் கிடைத்தது, விளக்கு வளையம் வேறொரு ஊரில். பின்சீட்டு அந்தப் பேக்கரிக்காரர் வீட்டு மாடியிலேயே சோபாவாக இருந்தது. எல்லாவற்றையும் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிச் சேர்த்தார். ஒரு பாகம்கூட மாறாத காருக்குச் சங்கம் தரும் ‘நூற்றுக்கு நூறு அசல்’ கேடயத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

போன மாதம்தான் அந்த விபத்து. குமிழைப் பளபளப்பாக்குகிறேன் பேர்வழி என்று வாத்தியார் திருகிய திருகலில் அது துண்டு துண்டாயிற்று. எங்கே தேடியும் மாற்றுக் குமிழ் கிடைக்கவில்லை.

அவர் மனைவி பல் டாக்டர். துண்டுகளை ஒட்டி, அச்செடுத்து, பல்செட் செய்கிற அதே பொருளில், பழுப்பேறிய நிறம்கூட மாறாமல் புதுக் குமிழ் வார்த்துக் கொடுத்தாள்.

“சங்கத்துல சொல்லிடுங்க,” என்றாள் அப்போதே.

“குமிழ் வந்து சாட்சி சொல்லப்போகுதா? சும்மா இரு,” என்றார் வாத்தியார்.

இப்போது பூதக்கண்ணாடி நகத்தால் குமிழைத் தட்டிக் காட்டினார்.

“பத்தடி தூரத்துலயே போலியைக் கண்டுபிடிச்சிடுவேன். என் கண்ணு அப்படி!”

கூட்டம் கை தட்டியது. அவர் இன்னும் அகலமாகச் சிரித்தார்.

கூட்டத்தில் ஒரு தொந்திக்காரர். பள்ளிக்கூடத்தில் பார்த்து எழுதியதற்காக இதே வாத்தியாரிடம் முட்டி போட்டவர். எத்தனை வருஷம் காத்திருந்தாரோ!

“என்ன சார், நீங்களே காப்பியா?”

மைதானம் குலுங்கியது. வாத்தியாரின் காது மடல் சிவந்தது.

“கடைக்காரன்தான் ஏமாத்திட்டான் போலிருக்கு…” என்று இழுத்தார்.

“கடைக்காரன் இல்ல. நான்தான் செஞ்சேன்,” என்று முன்னால் வந்து நின்றாள் அவர் மனைவி.

பூதக்கண்ணாடியின் வாய் பட்டென்று மூடிக்கொண்டது. “சரி சரி, கேடயம் கிடையாது. அடுத்த கார்!” என்று அவசரமாக நகர்ந்தார். அவளோ தலையைச் சாய்த்து அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள்தான் காரை ஓட்டினாள். வாத்தியார் வழியெல்லாம் குமுறிக்கொண்டே வந்தார்.

“தினமும் துடைக்கிற எனக்கே வித்தியாசம் தெரியல. அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“அதான் சொன்னாரே, கண்ணு அப்படியாம்.”

“ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது. நீ அங்க போய் ‘நான்தான் செஞ்சேன்’னு பெருமையா நிக்கிறே!”

“பின்னே? பொய் சொன்னது நீங்க. பழி கடைக்காரனுக்கா?”

வாத்தியார் கொஞ்சம் அடங்கினார். ஆனாலும் ஆறவில்லை.

“அந்தப் பூதக்கண்ணாடியை நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருக்கலாமில்ல?”

“ஒரு வார்த்தையே போதுங்க. அதான் கேட்கல.”

“என்ன சொல்றே?”

அவள் குமிழைப் பிடித்து நிதானமாகக் கியரை மாற்றினாள்.

“அவர் கண்ணு ஒண்ணும் கூர்மையில்லைங்க. போன மாசம் என் கிளினிக்குல, ஒரு தட்டுல, இந்தக் குமிழைப் பார்த்தாரு. இது என்னம்மான்னு கேட்டாரு. கார் குமிழ்னு சொன்னேன்.”

“உன் கிளினிக்குலயா? அங்க எதுக்கு வந்தான் அவன்?”

“அதைச் சொல்ல மாட்டேன். தொழில் தர்மம்.”

“அட, சொல்லும்மா!”

“அந்தத் தட்டுல குமிழுக்குப் பக்கத்துல இன்னொரு சாமானும் இருந்துச்சு. யாருக்குச் செஞ்சதுன்னு கேட்காதீங்க,” என்றாள் அவள், பாதையிலிருந்து பார்வையை எடுக்காமல். “ஆனா நல்லாப் பொருந்தியிருக்கு. இன்னைக்குப் பூரா எப்படிச் சிரிச்சாரு, பார்த்தீங்கல்ல?”