விட்ட இடத்திலிருந்து

"இல்லீங்க, நீங்க சொல்றது தப்பு" என்றாள் எவாஞ்சலின் போனில்.

எலியாசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்டர்வியூவில் போய் இப்படியா பேசுவாள்?

'நாலு மணிக்கு போன்ல இன்டர்வியூ இருக்கு நைனா. எதிர்ல பதினஞ்சு வருஷ சர்வீஸ் உள்ளவரு' என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். அஞ்சு வருஷமாகச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. லீவுக்குத் திருத்தணி வந்த இடத்திலும் விடவில்லை. இன்னும் பெரிய கம்பெனி போலிருக்கிறது. செல்போனுக்கு மலையடிவாரத்தில் டவர் சரியாக எட்டாத காலம் அது. ரிட்டயரான டெலிபோன் லைன்மேன் எலியாஸ், மகளுக்காக வீட்டு லைனை இரண்டு முறை சோதித்து வைத்திருந்தார்.

"ரத்தம் குடுக்கறவங்க பேரெல்லாம் ஒரு டேட்டாபேஸ்ல இருக்குது. புரோகிராம் அதைக் கேக்கும்போது லைன் கட்டாயிடுது. உடனே காலி லிஸ்டைக் காட்டினா, ஆஸ்பத்திரியில என்னா நெனைப்பாங்க? ரத்தம் குடுக்க ஆளே இல்லைன்னுதானே? ஆள் இல்லைங்கறதும், கேக்கவே முடியலைங்கறதும் ஒண்ணாங்க?"

'மெதுவா, மெதுவா' என்று ஜாடை காட்டினார் எலியாஸ். ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்தது. கேட்டாளே ஒரு கேள்வி!

"ஹலோ... ஹலோ?"

லைன் செத்துவிட்டிருந்தது.

"லைன்மேன் வூட்லயே இப்பிடியா! இல்ல, நீ பேசின பேச்சுக்கு வெச்சிட்டாரா?" எலியாஸ் போன் ஒயரை இழுத்துப் பார்த்தார்.

"இரு நைனா."

ஒரு நிமிஷம் கழித்து போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"ஆங், சொல்லுங்க. எதுவரைக்கும் கேட்டுச்சுன்னா கேக்கறீங்க?" சிரித்துவிட்டாள். "இப்ப நீங்க என்னா பண்ணீங்க? லைன் போச்சுன்னு புரிஞ்சிக்கினு, கொஞ்சம் பொறுத்து, திரும்பக் கூப்ட்டு, விட்ட எடத்தை விசாரிச்சீங்க. அதையே புரோகிராமும் பண்ணட்டும். நாலு தபா கூப்ட்டும் கெடைக்கலைன்னா, கெடைக்கலைன்னு வாயைத் தொறந்து சொல்லட்டும்."

அப்புறம் "சரிங்க", "சந்தோஷங்க" என்று இரண்டு வார்த்தை. வைத்துவிட்டாள்.

எலியாஸ் அருகில் வந்து மகள் தலையில் கை வைத்தார்.

"அவ்ளோ பெரிய ஆளுக்கே பாடம் எடுத்துட்டியே கண்ணு! வேலை போனா போவுது, உடு. நீ சொன்னது நியாயம். சர்ச்சுல யார் கேட்டாலும் சொல்லுவேன், எம்பொண்ணு நியாயத்தைப் பேசித்தான் அந்த வேலையை உட்டான்னு."

எவாஞ்சலின் அவரை விழித்துப் பார்த்தாள்.

"நான் எங்க நைனா வேலை கேட்டேன்? கேட்டது அவரு. திங்கக்கிழமை எங்கிட்ட வந்து சேரச் சொல்லிட்டேன்."